ஜாசின் கோர்ட்டிலிருந்து ஒரு நகல்

கரையான்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம். பக்கத்து வீட்டு அம்மாள், மலாயில் அத்தை என்கிற மாதிரி நான் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், ஒரு மரப்பெட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி அப்போதுதான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். உள்ளே செம்மண் கோடுகள் ஓடியிருந்தன. நடுவில் உளுத்த அப்பளம் மாதிரி காகிதங்கள்.

"மகளே, இதுல எதையாவது படிக்க முடியுமா பாரு" என்றார்.

ஒன்றை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே பொடிந்தது. இன்னொன்றின் ஓரத்தில் ஒரு முத்திரையின் பாதி தெரிந்தது. எழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்கள் வீடு மலாக்கா டவுனில், காஜா பேராங்கில், மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான காம்போங்கை ஒட்டி இருந்தது. மக்சிக் செட்டி வீட்டுப் பெண். மாரியம்மனைக் கும்பிடுவார், நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்வார், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய்தான். சாரோங்கும் கெபாயாவும்தான் உடுத்துவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் உறவுச் சொற்கள் சிலவும். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். அவர் வீட்டுக்காரர் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டு ஏற்றி டவுனுக்குக் கொண்டுவரும் லோரி ஓட்டியவர். முந்தின வருஷம் காய்ச்சலில் தவறிப்போனார். அதற்குப் பிறகு மக்சிக் காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்றுக் குடும்பம் நடத்தினார். குடும்பம் என்றால் அவரும் ஒரு பெண்பிள்ளையும்.

அந்தப் பிள்ளை அவர் பெற்றதில்லை. காம்போங்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தாயில்லாமல் போன தமிழ்க் குழந்தையை லோரிக்காரர் கேட்டு வாங்கி வந்திருந்தார். சும்மா வாங்கி வரவில்லை. ஜாசின் கோர்ட்டில் முறைப்படி எழுதி, மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, உத்தரவோடு வாங்கி வந்தார். அந்த உத்தரவும் பிறப்புப் பத்திரமும்தான் பெட்டிக்குள் மண்ணாகிக் கிடந்தன.

வருகிற ஜனவரியில் பிள்ளையைப் பள்ளியில் போட வேண்டும். டவுனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை இவருடையதுதான் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

"அந்த மனுஷன்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டார். நான் ஒரே ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போட்டேன். நம்பரும் தெரியாது, தேதியும் தெரியாது. நீ என்கூட வர்றியா?"

வருகிறேன் என்றேன். கோர்ட்டில் நகல் கேட்பது தபால் தலை வாங்குவது மாதிரி என்று நினைத்திருந்த வயசு எனக்கு. என் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வயசுப் பொம்பளப் புள்ள கோர்ட்டு வாசப்படி மிதிக்கறதா? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க காதுல விழுந்தா என்ன நெனப்பாங்க?" என்றார். அப்பா நாளிதழிலிருந்து தலையை எடுக்காமலே, "அவ மேல கேசு போடலியே, போயிட்டு வரட்டும்" என்றார்.

பள்ளி விடுமுறை நாளில் ஜாசினுக்கு பஸ் ஏறினோம். செமாபோக் தாண்டியதும் வீடுகள் குறைந்து ரப்பர் மரங்கள் வந்துவிட்டன. கோர்ட்டுக் குமாஸ்தாக்களான கிராணிகளுக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் என்று நான் என் நல்ல சீலையைக் கட்டியிருந்தேன். ஜன்னல் வழியே அடித்த செம்மண் புழுதியில் அது பாதி வழியிலேயே நிறம் மாறிவிட்டது.

ஜாசின் கோர்ட்டு அப்போது ஒரு பள்ளிக்கூடத்தைவிடச் சின்னது. வெளித் தாழ்வாரத்தில் பெஞ்சுகள். யாரோ சைக்கிள் திருடின கேசு உள்ளே நடந்துகொண்டிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தம் வெளியே வந்தது. பதிவுகளைப் பார்த்துக்கொண்டவர் சொங்கோக் தொப்பி அணிந்த ஒரு மலாய்க்காரர், என் அப்பா வயதிருக்கும். மக்சிக்கை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் விவரம் கேட்டார்.

"எந்த வருஷம்?"

"இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டுன வருஷம்."

"பிள்ளையோட பேரு?"

மக்சிக் சொன்னார்.

"இது நீங்க வச்ச பேரு. பிறந்தப்போ வச்ச பேரு?"

மக்சிக்குக்குத் தெரியவில்லை. பெற்றவர் பெயரும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டதாகச் சொன்னார்.

கிராணி அலமாரியைத் திறந்து காட்டினார். நூலால் கட்டிய கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. "தத்து விவகாரம் எல்லாம் பிள்ளையோட பிறந்த பேருலதான் வச்சிருக்கோம். அந்தப் பேரு இல்லாம எந்தக் கட்டை அவிழ்க்கறது? அதோட இது எல்லாருக்கும் எடுத்துக் காட்டற விஷயமும் இல்ல. உங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தா பரவாயில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெத்தவர் உயிரோட இருக்காரா? இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. சம்மதக் கையெழுத்து அவர்தான் போட்டிருப்பார். அவர் வந்து நின்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

மக்சிக் நன்றி சொன்னார். வெளியே வந்ததும் விறுவிறுவென்று பஸ் நிறுத்தம் வரை நடந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"வேண்டாம் மகளே. விட்டுரு."

"எதை விடறது?"

"பள்ளிக்கூடத்தை."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதரைப் போய்ப் பார்த்து ஒருநாள் வரச் சொல்ல வேண்டும், இவ்வளவுதானே? பஸ்ஸில் திரும்பும்போது அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சத்தமில்லாமல் அழுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"பெத்தவன் வந்து பிள்ளையைக் குடுன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்? என்கிட்ட காகிதமும் இல்ல, புருஷனும் இல்ல."

என் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. மக்சிக் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாசி லெமாக் கொடுக்க வரும்போது வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டிசம்பரில் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. வருஷம் முடிவதற்குள் காகிதம் வராவிட்டால் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம். மறுநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வேலிப் பக்கம் வந்தார். தலையை இழுத்துக் கொண்டை போட்டு, வெளியே போகிற கெபாயா உடுத்தியிருந்தார்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா என் பயத்துக்காக அவ வீட்டுல உக்கார முடியுமா? வா, தோட்டத்துக்குப் போவோம்."

பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

ஜாசினைத் தாண்டி ஒரு சந்திப்பில் இறங்கி, செம்மண் சடக்கில் நடந்தோம். மக்சிக் அங்கே முன்பு வந்தபோது கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்களாம். நாங்கள் போனபோது வேலி பாதி பிரிந்து சுருளாகக் கிடந்தது. அதன்மேல் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். பைப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். பெயர் தெரியாததால், "பொஞ்சாதி தவறிப்போயி, கைக்குழந்தையக் குடுத்தாரே ஒருத்தர்" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடைசி வீட்டைக் காட்டினாள்.

அவர் வீட்டுக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவர். காலை வேலை முடிந்து குளித்திருந்தார், தலை இன்னும் ஈரமாக இருந்தது. நிமிர்ந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மக்சிக்கின் கெபாயாவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கோடாலி கையிலிருந்து நழுவியது.

"புள்ளைக்கு என்னாச்சு?" என்றார். "டீச்சரம்மாவோ யாரோ, நீங்களாச்சும் சொல்லுங்க. புள்ளைக்கு என்னாச்சு?"

நான் மலாயில் சொல்ல வாயெடுப்பதற்குள் மக்சிக்குக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை என்ற சொல் அவருக்குத் தெரியும். "சிஹாட், சிஹாட்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். நல்லா இருக்கா, நல்லா இருக்கா. ஆட்டியபடியே இரண்டடி முன்னால் போய், ஏதோ விழப்போகிறவரைத் தாங்குவது போல நின்றார். அந்த மனிதர் பிளந்த விறகின்மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நாங்கள் வந்ததைப் பார்த்து, குழந்தை செத்துப்போனதைச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார். அவருடைய மூத்த மகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், பாய் விரித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்: கரையான் தின்றது, பள்ளி கேட்டது, கோர்ட்டுக் கிராணி சொன்னது.

"அவ்வளவுதானா? எப்ப வரணும்?" என்றார்.

நான் அதை மலாயில் சொன்னேன். மக்சிக் நம்பவில்லை. இதற்குப் பின்னால் இன்னொன்று வரும் என்று காத்திருந்தார். வராததைக் கண்டு என் பக்கம் சாய்ந்து, வேகமாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீடு எங்கேன்னு மட்டும் சொல்லிராதே. எந்தப் பள்ளிக்கூடம்னும் சொல்லாதே."

நான் தலையாட்டுவதற்குள் அந்த மனிதரே பேசினார். உடைந்த பாசார் மலாயில், சந்தையில் பேசுகிற மலாயில்.

"தாக் பாயா, மா. ருமா தாக் பாயா சக்காப்." வேண்டாம்மா, வீட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துக் கடையில் சாமான் வாங்குகிறவருக்கு மலாய் தெரியாமலா இருக்கும்? எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. மக்சிக் தலையைக் குனிந்துகொண்டார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. அந்த மனிதர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்த மகள் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"தங்கச்சி எம்மாம் ஒசரம் இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

மக்சிக்கிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று, தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையைப் பிடித்துக் காட்டினார். அந்தப் பெண் கிட்டே வந்து, அந்தக் கையின் உயரம் தன் உடம்பில் எங்கே வருகிறது என்று பார்த்தாள். நெஞ்சுக்கு நேராக வந்தது. அங்கே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கோர்ட்டுக்கு வரச்சொன்ன நாளில் எங்களுக்கு முன்பே அவர் வந்து படியோரம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு மேல் பித்தான் வரைக்கும் மாட்டியிருந்தார். கிராணி அவருடைய அடையாளக் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பிறந்தபோது வைத்த பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்காமலே, "அது அவ ஆத்தா வச்ச பேரு. வயித்துல இருக்கும்போதே வச்சிட்டா" என்றார். கிராணிக்கு நான் அதை மலாயில் சொன்னேன். மக்சிக் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

கட்டு சீக்கிரமே கிடைத்துவிட்டது. கிராணி தூசியை வெளியே போய்த் தட்டிவிட்டு வந்தார். சம்மதம் எழுதிய பக்கத்தில் பெற்றவருடைய பெருவிரல் ரேகை இருந்தது. பக்கத்தில் லோரிக்காரரின் கையெழுத்து, அதன் கீழே மக்சிக்கினுடையது. மக்சிக் வீட்டுக்காரரின் கையெழுத்தின்மேல் விரல் வைத்துக்கொண்டு நின்றார். கிராணி அவசரப்படுத்தவில்லை. ஏற்கெனவே மூன்று பேருக்கும் சொல்லியிருந்ததையே மறுபடியும் மெதுவாகச் சொன்னார்: மாஜிஸ்திரேட் பார்த்து அனுமதிக்க வேண்டும், பிறகு நகல் எழுதி முத்திரை வைத்துத் தருவோம், பெற்றவர் மறுபடி வர வேண்டியதில்லை.

மனுவை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மனு செய்பவருக்குப் பிள்ளையோடு என்ன உறவு என்று ஓர் இடம் வந்தது. பேனாவை நிறுத்தினேன். வளர்ப்புத் தாய் என்பதா, தத்தெடுத்தவர் என்பதா? எது சட்டப்படி சரி என்று வாய்விட்டே யோசித்திருக்கிறேன்.

"அம்மான்னு எழுதுங்க டீச்சரம்மா" என்றார் அவர். தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "வேற என்னன்னு எழுதுவீங்க?"

அப்படியே எழுதினேன். அவர் சொன்னதை மக்சிக்கிடம் சொல்லத் தேவைப்படவில்லை. அம்மா என்பதும் அவருக்குத் தெரிந்த சொல்தான்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எதிரே ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். மக்சிக் இன்னமும் எதற்கோ காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று. அவர் கேட்கவே இல்லை. கோப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி, தமிழும் மலாயும் கலந்து, எங்களைப் பார்க்காமல் சொன்னார். மனைவி போன பிறகு குழந்தை எதைக் கொடுத்தாலும் கக்கியது. மூத்தவளே சின்னப் பிள்ளை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவர் போனால் இரண்டும் தனியாகக் கிடக்கும். லோரிக்காரர் நல்ல மனிதர். வந்து கேட்டார், இவர் கொடுத்துவிட்டார்.

"லோரி கெளம்புனதும் பின்னாலயே ஓடுனேன். குடுக்க மாட்டேன்னு சொல்லத்தான் ஓடுனேன். முள்வேலி கேட்டு வரைக்குந்தான் போக முடிஞ்சது. அப்ப ஊரடங்கு. நேரமாயிடுச்சுன்னு கேட்டை அடச்சிட்டாங்க."

நான் இதை மலாயில் சொன்னபோது மக்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அந்த லோரியில்தான் இருந்தார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

"நான் திரும்பிப் பாக்கல" என்றார் அவரிடமே நேராக. "பாத்திருந்தா கொண்டுபோயிருக்க மாட்டேன்."

"பாக்காததே நல்லதும்மா."

பஸ் வந்து நின்றது. மக்சிக் ஏறினார், மறுபடி இறங்கினார். கண்டக்டர் ஏதோ கத்தினார். அவர் காதில் வாங்கவில்லை. "காஜா பேராங். கோயிலுக்குப் பின்னால, ரம்புத்தான் மரம் நிக்கிற வீடு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "திருவிழாவுக்கு வாங்க. மூத்தவளையும் கூட்டிக்கிட்டு வாங்க."

நகலை வாங்க நான் தனியாகவே போய்வந்தேன். ஒரே ஒரு தாள், கீழே முத்திரை. அதைக் காட்டிப் பிறப்புப் பத்திரமும் வாங்கியாயிற்று. ஜனவரியில் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். முதல் நாளே ஒரு காலணியைத் தொலைத்துவிட்டு வந்தாள்.

மே மாதம் மாரியம்மன் திருவிழா. அன்று காலை மக்சிக் பிள்ளையை உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்கிறார்: உனக்கு இரண்டு அப்பா, ஒருவர் சாமிகிட்ட போய்விட்டார், இன்னொருவர் இன்றைக்கு வருகிறார். எப்படிச் சொல்வது என்று வாரக் கணக்கில் என்னிடம் கேட்டு மாய்ந்து போனவர். பிள்ளை உடனே, "அவருக்கு என்ன சமைக்கப் போற?" என்று கேட்டாளாம்.

ஒரு கையில் கோழியும் இன்னொரு கையில் வாழைத்தாருமாக அவர் வந்தார். பின்னால் மூத்தவள், புதுப் பாவாடையில். வீட்டுக்குள் வந்தும் பிள்ளையை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. பாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிள்ளைதான் கிட்டே போனாள். பஸ்ஸிலா வந்தீங்க என்று மலாயில் கேட்டாள். அவர் பதில் சொன்னார். பிள்ளை சிரித்துவிட்டாள். "அப்படிச் சொல்லக்கூடாது" என்று சொல்லைத் திருத்திக் கொடுத்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி திரும்பச் சொன்னார். அவள் இன்னொன்று திருத்தினாள். அதையும் சொன்னார். மக்சிக் அடுப்படியில் நின்று புகையைக் குறை சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்தார்கள். சில வருஷம் கழித்து மூத்தவளுக்கு டவுனில், ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. தங்க இடம் வேண்டுமே என்று அவர் தயங்கியபோது, மக்சிக் தோட்டத்துக்கே போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் கல்யாணமாகிக் குருபோங்குக்குப் போகிற வரைக்கும் அக்காளும் தங்கையும் பக்கத்து வீட்டில்தான் இருந்தார்கள். காலையில் சீப்புக்காகச் சண்டை போடுவார்கள். ஒருத்தி தமிழில் திட்டுவாள், மற்றவள் மலாயில் பதில் கொடுப்பாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் இருவருமாக அவரிடம் நியாயம் கேட்பார்கள். அவர் யார் பக்கமும் பேசாமல், கொண்டுவந்த கோழியை எங்கே கட்டுவது என்று மக்சிக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார்.